இரவல் நடை

ஐம்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த ஆங்கில நாடகக் குழுவில், சில்லறை வேடமெல்லாம் போட்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஒட்டடைக்குச்சி உடம்பு, சிவந்த காது. தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்த்து வேடத்துக்கு எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த என் பின்னாலும் இரண்டு நாள் வந்தார்.

மேடையில் வேலைக்காரனாக, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வந்தார். அரங்கமே சிரித்தது.

"அத்திம்பேரே, தொரை உங்களைப் போலன்னா நடக்கறார்" என்றான் மைத்துனன்.

நாடகம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவர் வாசலுக்கு ஓடிவந்து, "நடை சரியாக இருந்ததா? நீங்கள் சொன்னால்தான் நம்புவேன்" என்றார்.

"கவனிக்கவில்லை" என்றேன். அவர் முகம் வாடியது.

மறுநாளும் நாடகத்துக்குப் போனேன். மேடையில் சாதாரணமாக நடந்தார், யாரும் சிரிக்கவில்லை. பிற்பாடு இரண்டு ஆங்கிலப் படங்களில் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒன்றில்கூட என்னைக் காணோம்.