கணக்குப் பரீட்சைக்கு வராத பெண்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கொல்கத்தாவில் பூஜை லீவு நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. லேக் கார்டன்ஸில் இருக்கிறோம். எனக்கு பேங்க் வேலை. தாத்தா காலத்திலேயே தென்காசிப் பக்கமிருந்து இங்கே வந்துவிட்ட குடும்பம். அதனாலேயோ என்னவோ, ஊர்ப் பழக்கம் எதையும் விடக் கூடாது என்பதில் ஊரில் இருப்பவர்களைவிட எனக்கு வீம்பு அதிகம்.

அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகள், அரையாண்டில் கணக்குப் பரீட்சை மட்டும் பாக்கி இருந்தபோது பெரியவளானாள். வீட்டில் ஒரே சந்தோஷம். தாய்மாமன் வந்து சீர் செய்து சடங்கு முடிகிறவரை பெண் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊரிலிருந்து வர வேண்டிய மைத்துனனுக்கோ உடனே ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. "பரீட்சைக்கு மட்டும் போய்ட்டு வரட்டுமே, அழுதுக்கிட்டே இருக்கா" என்றாள் மனைவி. கணக்கு என்றால் உயிரை விடுகிற பெண் அவள். தனிப்பாயில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஒரு பரீட்சை மட்டும்ப்பா, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். நான் மசியவில்லை. பிறகு எழுதிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன்.

மைத்துனன் வந்து சேர்ந்தான். ஹால் பிடித்து ஜாம்ஜாமென்று சடங்கை நடத்தினேன். பேங்க் நண்பர்கள், அக்கம்பக்கத்து வங்காளிகள், எங்கள் டாக்டர்பாபு என்று ஒருவரை விடாமல் அழைத்திருந்தேன். மைக்கைப் பிடித்து, என் மகள் பெரியவளாகிவிட்டாள் என்று தமிழிலும் வங்காளியிலும் பெருமையாகப் பேசினேன். அவள் பட்டுப்புடவையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி பள்ளிக்குப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பரீட்சையன்று வராதவர்கள் உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் மறுபரீட்சை உண்டு. கொடுக்காவிட்டால் முட்டை மார்க். நேரே டாக்டர்பாபுவிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுப் பாயசத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவன் நான். அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு எப்படிங்க எழுதுவேன்?" என்றார்.

மனைவியைப் பள்ளிக்குப் போகச் சொன்னேன். "அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்க. நீங்களே போய்ப் பேசுங்க" என்று சொல்லிவிட்டாள். உடல்நலக் குறைவு என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, மகளோடு வைஸ் பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

அந்த மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு, "என்ன நோய்?" என்று கேட்டார். வயிறு என்றேன், காய்ச்சல் மாதிரி என்றேன், ஏதேதோ உளறினேன். அவர் என் மகளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று வங்காளியில் நிதானமாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். பீரியட்ஸ் ஆரம்பிச்சுது. எங்க வீட்ல அதுக்கு ஃபங்ஷன் பண்ணுவாங்க, மாமா வர்ற வரைக்கும் வெளிய விட மாட்டாங்க. பரீட்சை எழுதணும்னு நான் கேட்டேன்."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. மேடம் அவளை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "படுத்த படுக்கையா இருக்கிற பிள்ளைக்கு எங்க விதியில இடம் இருக்கு. வர்றேன்னு சொன்ன பிள்ளையை வீட்ல வச்சுக்கிட்டதுக்கு இடம் இல்ல. அவளுக்காக வருத்தப்படுறேன்." எவ்வளவு கெஞ்சியும் மறுபரீட்சை கிடைக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என் கோபமெல்லாம் அவள்மேல் திரும்பியது. "இதையெல்லாமா போய் வெளிய சொல்லுவாங்க? உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க மைக்ல சொன்னீங்களேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். ஊரையே கூட்டி நான் சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அதுவரை ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

இந்த வருஷம் சின்னவளின் முறை. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் தெரிந்தது. மனைவி என் முகத்தையே பார்த்தாள். "என்னம்மா, போறியா, வீட்ல இருக்கியா?" என்று சின்னவளிடமே கேட்டேன். "இன்னிக்கு டிராயிங் கிளாஸ் இருக்குப்பா, போறேன்" என்றாள். பெரியவள் தன் அலமாரியிலிருந்து நாப்கின் பாக்கெட்டை எடுத்துத் தங்கையின் பையில் வைத்து, "வலிச்சா மிஸ்கிட்ட சொல்லு, என்ன?" என்று அனுப்பிவைத்தாள். மைத்துனனுக்குப் போன் செய்து, லீவில் நாங்களே ஊருக்கு வருகிறோம், சீரெல்லாம் சின்னவள் சரியென்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

சின்னவளிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியைப் பெரியவளிடம் கேட்காமல் போனேனே என்பது இன்றும் உறுத்துகிறது. அவளுடைய எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்க்கும்போதெல்லாம், கணக்குக்கு நேரே இருக்கும் அந்த முட்டையை வாங்கியது நான்தான் என்று தோன்றும்.