முப்பத்தாறு கிணறுகளை வற்ற வைத்தேன்

என் வாழ்நாளில் ஒரு வாளித் தண்ணீர்கூட இறைத்தவனில்லை நான். ஆனாலும் தாராபுரத்துப் பக்கம் முப்பத்தாறு கிணறுகளை ஒரே நொடியில் வற்ற வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த சங்கதி. அப்போது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. தலைக்குள் என்ன இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோவை காந்திபுரத்தில், மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். முதலாளி, நான், ஒரு டேபிள் ஃபேன். வாய்க்கால் பாசன சங்கம் ஒன்று தங்கள் உறுப்பினர்களின் கிணறுகளை வரைபடமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லியிருந்தது. திரையின் வலப்பக்கம் வரைபடம். இடப்பக்கம் ஒரு பட்டியல்: வாய்க்கால், சாலை, கோயில், கிணறு. ‘கிணறு’ என்ற தலைப்பைத் திறந்தால் அதனடியில் முப்பத்தாறும் தோட்டத்துப் பெயரோடு வரிசையாக நிற்கும்.

வரைபடம் போட்டது முதலாளி. பட்டியலை அலங்கரிப்பது மட்டும் என் வேலை. கல்யாணத்தை விட்டுவிட்டுப் பந்தலைப் பிடித்துக்கொண்டவன் மாதிரி ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். கோயில் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிக் கோபுரம், கிணற்றுக்கு ஒரு குட்டி வாளி. தண்ணீர் இருக்கும் கிணற்றின் பெயருக்குப் பின்னணியில் நீலம் பூசினேன். முப்பத்தாறில் ஒன்றே ஒன்று வற்றியிருந்தது. அதற்குச் சிவப்பு. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. என் ரசனையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சுவதாகத் தெரியவில்லை.

காட்டவேண்டிய நாளன்று மானிட்டரைச் சென்னிமலைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு முதலாளியோடு காரில் போனேன். சங்கக் கட்டடத்தில் ஒயர்களையெல்லாம் மாட்டிவிட்டு டீ குடிக்க வெளியே வந்தேன். சங்கச் செயலாளர் என் காதருகில் குனிந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரைக் கண்ணால் காட்டினார். தலையில் உருமால் கட்டியவரின் மகனுக்கும், பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரரின் மகளுக்கும் பேச்சு நடக்கிறதாம். ஜாதகம் சேர்ந்துவிட்டது. ஏனோ பெண் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லையாம். உருமால்காரர் எந்தத் தோட்டம் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“புளியமரத்துத் தோட்டமுங்க.”

மிளகாய்ப்பழம் அந்தத் தோட்டம்தான்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் இருந்தால்தான் அது தோட்டம். இல்லாவிட்டால் மழையை நம்பிக் கிடக்கும் வெறும் காடு. நானோ ஊர் கூடும் இடத்தில், சம்பந்தியாகப் போகிறவரின் கண் முன்னால், இது காடு என்று வர்ணம் பூசி வைத்திருக்கிறேன். கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கு விடாது. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஏழு தலைமுறைக்கு எங்கே போவேன்?

உள்ளே ஓடினேன். அந்த ஒரு வரியின் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அவசரத்தில் வரியை விட்டுவிட்டு மேலே இருந்த ‘கிணறு’ என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தலைப்புக்கு என்ன நிறம் கொடுக்கிறோமோ அது அடியில் உள்ள அத்தனைக்கும் இறங்கும். நிறங்களின் கட்டத்திலும் மவுஸ் வழுக்கிச் சிவப்பில் போய் நின்றது. ‘சரி’ என்பதைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். முப்பத்தாறும் சிவப்பு. அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். பழையபடி மாற்ற அந்த மென்பொருளில் வழி இருந்திருக்கலாம். எனக்கு அப்போது என் பெயரே நினைவில்லை.

முதலாளி திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பெருமையோடு விளக்கினார். நீலம் என்றால் தண்ணீர் இருக்கிறது, சிவப்பு என்றால் வற்றிப்போனது. பிறகு முன்வரிசையில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“ஏனுங்க, காத்தால மோட்டார் ஓட்டிப்போட்டுத்தான் வந்தனுங்க. நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள வத்திப்போச்சுங்களா?”

முதலாளி திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் உளறினேன்.

அப்போதுதான் உருமால்காரர் எழுந்தார். “மத்தவங்க கிணறு எனக்குத் தெரியாதுங்க. எம்பட கிணறு நெசமாவே வத்திப்போச்சு. முப்பத்தாறுல ஒண்ணையாவது இந்தப் பொட்டி சரியாச் சொல்லுதுங்க.”

எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொல்வதுபோல் அவர் சொன்னது கண்ணாடிக்காரர் ஒருவரிடம்தான். நான் மானிட்டருக்குப் பின்னால் என்னால் முடிந்த அளவு ஒளிந்துகொண்டேன். கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பட்டியலில் விரல் வைத்துத் தன் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“தெரியுமுங்க,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மொத நாளே எட்டிப் பாத்துப்போட்டுத்தான் வந்தேன். நீங்களா வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப எம்பட கிணறும் செவப்பு, உங்களுதும் செவப்பு. இதுக்கு மேல என்னங்க பொருத்தம் பாக்கறது?”

கூடம் சிரிப்பில் குலுங்கியது. உருமால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உருமாலை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், சிவப்புக் கிணற்றுக்காரர்களுக்குத்தான் முதலில் வாய்க்கால் தண்ணீர் விடுவார்கள் என்றால் தன்னுடையதை அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் நீலமாக்குவதற்கு ஆளாளுக்கு ஆட்சேபணை.

தை மாதத்தில் ஆபீசுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. முதலாளியும் நானும் போனோம். பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்ற உருமால்காரர், என் தோளில் கை வைத்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் என்னை அறிமுகம் செய்து வைத்தார்.

“இந்தத் தம்பிதானுங்க, நம்ம எல்லாத்துக் கிணத்தையும் வத்த வெச்சவரு.”

தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தவர் அதைக் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் டம்ளரை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.