கொடியில் தொங்கிய சாக்ஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சாக்ஸ் தொங்கவிடுவது வழக்கம். கோவையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "நீங்க எப்ப மதம் மாறுனீங்க?" என்று பாதி கேலியாகவும் பாதி கவலையாகவும் கேட்பார்கள். மாறவெல்லாம் இல்லை. பூஜை அலமாரியில் முருகன் அப்படியேதான் இருக்கிறார். இந்த வழக்கம் வந்தது, ஊரை விட்டு எங்களை வடக்கே கொண்டுவந்த என் கணவரின் ரஞ்சன்காவ் தொழிற்சாலை வேலையால்.

மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பக்கத்து ஃபிளாட் கோவாக்காரர்களின் பெண்தான் அவளுக்குத் தோழி. சிவப்பு சாக்ஸைத் தொங்கவிட்டால் சாண்டா வந்து அதற்குள் பரிசு வைப்பார் என்று அந்தப் பெண் சொல்லிவிட, கேம்ப் கடைவீதிக்குப் போய் ஒன்று வாங்கலாம் என்று இவள் என்னை நச்சரித்தாள். டிசம்பர் கடைசியில் கேம்ப் கூட்டத்துக்குள் நுழைந்து திரும்பும் பொறுமை எனக்குக் கிடையாது.

"ஊட்ல சாக்ஸுக்கா பஞ்சம்? அப்பாவோடத தொங்க உடு கண்ணு."

அப்பாவுடையது என்றால் தொழிற்சாலையில் போடும் கனத்த ஷூவுக்கான சாக்ஸ். சாம்பல் நிறம், முழங்கால் வரை நீளம். துவைத்துப் பால்கனிக் கொடியில் காயப்போடுவேன். அவர் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எங்களை எழுப்பிவிடக்கூடாது என்று விளக்குப் போடாமல், கொடியைத் தடவி ஒரு ஜோடியை உருவிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஏதாவது கேட்டால்கூட அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.  அது அவருக்கு வலித்தது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் வலித்தது.

சாண்டா நுழைய வேறு வழி இல்லை என்று அவள் சாக்ஸைப் பால்கனிக் கொடியிலேயே விட்டுவைத்தாள். அவள் தூங்கியதும், லோனாவாலாவிலிருந்து வாங்கி வந்திருந்த சிக்கியை, அதாவது கடலை மிட்டாயை, தாளில் சுற்றி உள்ளே போட்டேன். கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார். சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி வழிகிறவரின் "ம்" அது.

காலையில் கொடி காலி.

"அம்மா, சாண்டா சாக்ஸையே எடுத்துட்டுப் போயிட்டாரு." அவள் உதடு பிதுங்கியது.

எந்த சாண்டா என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையெல்லாம் தோசை மாவு. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தயாராக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாப்பா எந்திரிச்சாச்சா? சாக்ஸுக்குள்ள கால உட்டா சிக்கி இருக்குது. பாப்பா எனக்குன்னு வெச்சிருக்குது, பாரேன். பஸ்ல எல்லார்த்துக்கும் குடுத்துட்டேன். எம் புள்ள வெச்சதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்."

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் நிரம்பியிருந்தது. இப்போது எல்லாம் உடையப்போகிறது என்று ஃபோனை அணைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் சமையல் மேடையை எக்கிப் பிடித்து ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஆமாப்பா, நான்தான் வெச்சேன்," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா இருந்துச்சா?"

அடுத்த வருடத்திலிருந்து அவளே வைக்கிறாள், அவருக்கு. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவரும் வேலை மாறிவிட்டார். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும், மெல்லிய சாக்ஸ்தான் போடுகிறார். ஆனாலும் அந்தப் பழைய சாம்பல் ஜோடியை என்னை எறியவிட்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடியும் முன் எழுந்து, விளக்குப் போடாமல் பால்கனிக்குப் போகிறார். தாள் கசங்கும் சத்தம் கேட்கும் வரை அடுத்த அறையில் மகளும் தூங்குவதில்லை.