வரதன் நீட்டிய பொறை

அண்ணனூரில் தெருநாய் பிடிக்கும் வரதன் பன்னிரண்டு வருடமாக வலையைத் தொட்டதே இல்லை. பேக்கரிப் பொறையை நீட்டுவார். நம்பி வாலாட்டி வரும் நாயை வண்டியில் ஏற்றிக் கருத்தடைக்கு அனுப்புவார். முறைத்துவிட்டு ஓடும் நாயைத் துரத்த அவருக்கு மூச்சும் கிடையாது, மனசும் கிடையாது. ஓடியவை குட்டி போட்டன. அந்தக் குட்டிகளிலும் ஓடியவையே குட்டி போட்டன.

இப்போது பொறையைக் கண்டாலே தெருவே பல்லைக் காட்டுகிறது. போன வாரம் ஒன்று அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கட்டோடு நொண்டி வந்து, கருத்தடை செய்யும் டாக்டர் சபீனாவிடம் பொருமினார்:

"இன்னா டாக்டரம்மா, இந்தக் காலத்து நாய்ங்க ஒண்ணுக்குமே நன்றி இல்ல!"

"நன்றி உள்ளதுக்கெல்லாம்தான் நாம ஆபரேஷன் பண்ணிட்டோமே, வரதன்."