மெஷினுக்கு 'ங்க' கிடையாது

யூசுப் பாய் மவுத்தாகிவிட்டார் என்று ஆபீஸ் குரூப்பில் செய்தி வந்தபோது நான் கிரைண்டரில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்க மாவு. கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் சுமதிதான் படித்துச் சொன்னாள்.

"பாய் போயிட்டாராமுங்க அக்கா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளாறயே..."

"சரி, உளுந்தத் தள்ளி விடு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

நம் சரவணம்பட்டி ஆபீஸில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. லிப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கொரு நல்லது சொன்னீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காளியம்மாள் ஏன் கல்லு மாதிரி நிற்கிறாள் என்று சிலர் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். பேசியது யார் யார் என்பதும் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அன்று சொல்லாததை எழுத்துக் கூட்டி இப்போது எழுதுகிறேன்.

ஒரு நாள், புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர் தம்பி ஒருவர் காருக்குள் இருந்தபடியே வாட்ச்மேனைப் பார்த்து, "ஏய், கேட்டைத் திற" என்றார். பாய் கையில் ஸ்பானரோடு அங்கே போய் நின்றார்.

"தம்பி, கேட்டு தானாத் தொறக்காதுங்க. வாட்ச்மேன்தானுங்க தொறக்கோணும். அவருக்கு ஒரு 'ங்க' போட்டா உங்க வாய் தேஞ்சா போயிருமுங்க?"

"நீங்க மட்டும் லிப்டை வாடா போடாங்கறீங்களே பாய்?"

"அது மெஷினுங்க. மெஷினுக்கு எதுக்குங்க 'ங்க'? மனுசருக்கே பத்த மாட்டேங்குது."

லிப்டுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. 'கூப்பிட்டாத்தான் வருவான், பாதியில மொறச்சுக்கிட்டு நிப்பான்' என்பார். ஜெனரேட்டர் பெரியப்பன், இருமாமல் எழுந்திருக்காது. ரிப்பேர் வேலைக்குக் கம்ப்யூட்டரில் போடும் டிக்கெட்டிலும் 'மாப்பிள்ளைக்கு முட்டி வலி' என்றே எழுதுவார். படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். என்னை அம்மணி என்பார், எங்கள் பக்கம் சின்னப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி. பேத்தி எடுத்த பிறகும் என்னை அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

நோன்பு மாதத்தில் பொழுது சாயும் நேரம் சமையலறைக்கு வருவார். பேரீச்சம்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் எடுத்து வைத்திருப்பேன்.

"உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க அம்மணி."

"நாள் பூராப் பட்டினி கெடந்த நாக்குக்கு எல்லாந்தான் தூக்கலா இருக்கும். பேசாமக் குடிங்க."

வருஷா வருஷம் இதே பேச்சு. அவரும் மாற்றவில்லை, நானும் உப்பைக் குறைக்கவில்லை.

இந்த ஏஐ நம் ஆபீஸுக்கு வந்தது இந்த வருஷ நோன்புக்குக் கொஞ்சம் முன்னால்தான். மெயில் ஒரு பக்கம், குரூப் ஒரு பக்கம், டிக்கெட் ஒரு பக்கம் என்று தேடித் திரிய வேண்டாம், போனில் வாயால் கேட்டால் எல்லாவற்றிலும் துழாவி எடுத்துத் தரும் என்றார்கள். எனக்குப் பிடித்துப்போனது. போன பொங்கலுக்கு எவ்வளவு அரிசி போட்டோம் என்றேன். எங்கெங்கோ கிடந்ததைச் சேர்த்துச் சரியாகச் சொன்னது.

அந்தச் சமயத்தில் கேன்டீன் ஆட்களை மதுக்கரைக் கிளைக்கு மாற்றப்போகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனை எடுத்து, "என்னைய மாத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அது படித்தது: "யூசுப் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறார். 'அம்மணி ரொம்பக் கத்துது. வயசாயிருச்சு, இனித் தாங்காது. சீக்கிரம் மாத்துங்க' என்று எழுதியிருக்கிறார். மேலாளர் மெயிலில் சம்மதம் கொடுத்திருக்கிறார். குரூப்பில் யூசுப் உங்களை அம்மணி என்று அழைப்பதால், இது உங்களைக் குறிக்கலாம். உறுதி செய்ய டிக்கெட்டைத் திறந்து பாருங்கள்."

குறிக்கலாம் என்றது. அந்த 'லாம்' என் காதில் ஏறவே இல்லை. நான் கத்துகிறவள், வயதும் ஆகிவிட்டது. இதில் வேறு யாரைத் தேடுவது? திறந்து பார்க்கச் சொன்னதையும் செய்யவில்லை. பாயிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சொல்வதை நம்ப வேண்டி வருமே என்று கேட்கவில்லை. சாம்பார் தண்ணி என்று என்றைக்கோ சொன்னவர்களையே மறக்காதவள் நான்; இதை விடுவேனா? மாற்றல் பேச்சு வந்த வழியே போனபோது, மேலாளர் சம்மதித்தும் பாய் சொல் மேலே எடுபடவில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"அம்மணிக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்று பாய் சுமதியிடம் கேட்டனுப்பியிருந்தார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்றேன்.

முதல் நோன்பன்று பொழுது சாயும்போது வந்து நின்றார். "அடுப்ப அணைச்சாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாறு உள்ளே தயாராக இருந்தது. கோபம் இருந்தும் கை பழக்கத்தில் பிழிந்துவிட்டிருந்தது. அதைத் தொட்டியில் கொட்டினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பெருநாள் முடிந்து சில வாரங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுவாரம் இரண்டு பேர் புது கிரைண்டர் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். ஒருவன் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "பழைய அம்மணி எங்கீங்க? கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்குது" என்றான்.

சுமதி சிரித்துவிட்டாள். "பாய் இந்த கிரைண்டருக்கு வெச்ச பேருங்க அக்கா. உங்க காதுல விழுந்தா கொன்னுபோடுவீங்கன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லல. அதுவும் காலைல இருந்து கத்துது, நீங்களும்..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த டிக்கெட்டைத் திறந்தேன். ஒரு தட்டுதான். முதலில் கிரைண்டரின் படம் வந்தது. ஓரத்தில் மாவு ஒட்டிய என் கை. ஏஐ படித்த வரிகளுக்குக் கீழே, அது சுருக்கும்போது விட்டுப்போன வரி ஒன்று இருந்தது. 'மாவு தள்றவங்களுக்குக் கை வலிக்குதுங்க. அவங்க கேக்க மாட்டாங்க, அதுதான் நான் கேக்கறனுங்க.'

ஏஐ தப்பாக இணைத்தது. ஆனால் பார்த்துக்கொள் என்றும் சொன்னது. அதன் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு வழி இல்லை. அதற்கு அவரைத் தெரியாது, எனக்குத் தெரியும். 'கத்துது' என்று எழுதியிருந்தார். மனுசராக இருந்தால் 'கத்தறாங்க' என்றிருக்கும்; அந்தச் சொல்லில் 'ங்க' இல்லை. ஒரு நாளும் ஒரு மனுசரைப் பற்றி பாய் அப்படிப் பேசினதில்லை. அந்த வரியை மாதக்கணக்கில் எழுத்து மாறாமல் மனசில் ஓட்டினேனே, அதில் இல்லாதது என்ன என்று ஒரு தடவை பார்த்தேனா?

அவர் வீட்டம்மாவைப் பார்க்கக் கோட்டைமேட்டுக்குப் போனேன். "உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க" என்று அவர் டீ கொடுத்தார். நான் கதவைச் சாத்தியதை அவரிடம் பாய் சொல்லியிருக்கவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாயிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது, அன்றைக்குச் சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து வந்த குரல்தான்.

"பரவால்லீங்க அம்மணி. தண்ணி இருக்குதுங்க, அது போதுமுங்க. நீங்க உக்காருங்க, கால் வலிக்கும்."

தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினவளுக்கும் அத்தனை 'ங்க' போட்டார்.