நடுவரின் பித்தப்பை

என் மாமனாருக்கு எண்பத்தெட்டு வயது. பிழைப்புக்காகப் பெயின்ட் கம்பெனிக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்த்தவர். ஆனால் தெருவில் யாரிடமாவது அவரைப் பற்றி விசாரித்தால், "ரெஃப்ரியா? அந்த நீலக் கேட் வீடு" என்பார்கள். வாலிபத்திலிருந்து முழங்கால் மக்கர் செய்யும் வரை, விடுமுறை நாளெல்லாம் கால்பந்து மைதானத்தில் விசிலோடு நின்றவர்.

ஒருமுறை கொடுத்த தீர்ப்பை மாற்றுவதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைக்கு வீட்டில் நிறைய சேதாரம் உண்டு. கடையில் போட்டுப் பார்த்து "சரியா இருக்கு" என்று ஒரு ஷூ வாங்கினார். வீட்டுக்கு வருவதற்குள் குதிகால் உரிந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னோம். மாற்றவில்லை. ஷூ தேய்ந்து உயிரை விடும்வரை நொண்டிக்கொண்டே போட்டார்.

என் மாமியார் அவருடைய மைதானத்துக்கு ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார். கல்யாணமான புதிது. கம்பெனிகளுக்கு இடையிலான ஆட்டம். கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் ஒருவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த புதுப் பெண்டாட்டியின் கையில் குச்சியில் கட்டிய கைக்குட்டையைக் கொடுத்து, பந்து கோட்டைத் தாண்டினால் தூக்கு என்றிருக்கிறார் மாமனார். பந்து தாண்டியது, அத்தை தூக்கினார், மாமனார் பார்க்கவேயில்லை. வெளியே போய் வந்த அந்தப் பந்து கோலாகவே கணக்கில் சேர்ந்தது. அத்தை கைக்குட்டையை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு மைதானப் பக்கம் போனதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு காலை நேரத்தில் வலது விலாவுக்கு அடியில் வலி வந்தது. வாயு என்றார். சுடுதண்ணீர் குடித்தார். குளிர் நடுக்கம் வந்ததும் அவரிடம் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் பித்தப்பை வீங்கியிருந்தது. அதன் வாய்ப்பகுதியில் கல் அடைத்து, உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

சர்ஜன் வேகமாகப் பேசும் பெண்மணி. கட்டில் பக்கத்தில் நின்றபடியே விளக்கினார்.

"மருந்து ஏத்தி இப்போதைக்கு அடக்கிடலாம். அதுக்கப்புறம் ரெண்டு வழி. சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்துடறது ஒண்ணு. எடுக்காம மருந்தோட பார்த்துக்கறது இன்னொண்ணு. எடுத்தா, இந்த வயசுல சளி நெஞ்சுல கட்டலாம், இதயம் தடுமாறலாம், சிலருக்கு மயக்க மருந்துக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் புத்தி குழம்பும். எடுக்கலைன்னா திரும்ப வரலாம். திரும்ப வந்து அவசரத்துல எடுக்கறது இதைவிடக் கஷ்டம்."

"எண்பத்தெட்டு வயசு டாக்டர்," என்றேன் நான், அவருக்குத் தெரியாத தகவலைச் சொல்வதுபோல.

"வயசை மட்டும் வச்சு நான் முடிவு பண்றதில்ல சார். தானா நடக்கறாரா, படி ஏறறாரா, நெஞ்சு எப்படி, ஞாபகம் எப்படி, அவருக்கு என்ன வேணும், அதைத்தான் பார்ப்பேன்."

இதில் பாதிதான் என் காதில் விழுந்தது. நான் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவன். ஆட்டம் முடியக் காத்திருந்தால் பக்கம் அச்சுக்குப் போகாது என்பதால், இடைவேளையிலேயே தலைப்பை முடிவு செய்யும் ஜாதி. சர்ஜன் வாய் திறப்பதற்கு முன்பே என் மனதில் தலைப்பு தயார்: 'எண்பத்தெட்டு வயதில் கத்தியா?' அதற்குப் பொருந்தியதை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து போனில் நாலு கட்டுரை மேய்ந்து, ஒரு அரைகுறை வைத்தியனாக மேலே வந்தேன்.

என் மனைவியோ ஆபரேஷன் செய்துவிடலாம் என்றாள். "அப்பா மாடியேறி தண்ணி டேங்க்கை எட்டிப் பார்த்துட்டு வர்றவரு. நாம என்ன படுத்த படுக்கையா கிடக்கறவரைப் பத்தியா பேசறோம்?"

"நல்லா இருக்கறவரைப் படுக்கையில தள்ளணுமான்னுதான் நானும் கேக்கறேன்."

"நீங்க உங்க பல்லைப் பிடுங்கறதுக்கே ஒரு வருஷம் யோசிச்சவரு."

"அதனாலதான் அந்தப் பல்லு இன்னும் இருக்கு."

"எங்க இருக்கு? பாதி உடைஞ்சு போச்சு."

கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் படுத்திருந்தவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். மூலை நாற்காலியில் இருந்த அத்தையை யாரும் கேட்கவில்லை. நான் புள்ளிவிவரம் போல ஏதோ எடுத்துவிட்டேன். அதன் பாதி நான் படித்தது, பாதி என் குரலின் கம்பீரம். மாமனார் கையை உயர்த்தினார்.

"ஆபரேஷன் கிடையாது. ஆட்டம் தொடரட்டும்."

நான் ஜெயித்த அணியின் கோச் மாதிரி அத்தையைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார்.

மருந்தில் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தோம். கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நானும் அலுவலகத்தில், தெருமுனையில், சலூனில் என்று மாமனாரை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சலூன்காரர் அதை இரண்டு முறை கேட்டார், பாவம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் ஆட்டம். அப்பட்டமான ஆஃப்சைட் ஒன்றை அந்த ரெஃப்ரி விட்டுவிட்டார். நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். டிவியில் வரும் ரெஃப்ரிகளின் கண், காது, வளர்ப்பு எல்லாவற்றையும் விசாரிக்காமல் அவர் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. அன்று வாயே திறக்கவில்லை. கை வலது விலாவில் இருந்தது.

"வலிக்குதா மாமா?"

"வாயு."

பிறகு கவனித்தால் எல்லாமே தெரிந்தது. தட்டில் பாதி மிச்சம். காலை நடை நீலக் கேட்டோடு நின்றிருந்தது. மாடிக்குப் போவதேயில்லை. வலி திரும்ப வந்துவிட்டது, அவர் மறைக்கிறார். தீர்ப்பு கொடுத்தாயிற்று, ஷூ கடித்தாலும் நடந்தாக வேண்டும்.

சரி, அவருக்கு அவர் கௌரவம். எனக்கு என்ன வந்தது? நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஆனால் அவருடைய தீர்ப்பு தப்பென்றால் என் செய்தியும் தப்பு. எங்கள் பத்திரிகையில் தவறு நேர்ந்தால், உள்பக்கத்தின் கீழ் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் திருத்தம் போடுவோம். வீட்டில் அப்படி ஒரு மூலை இல்லை. அதனால் நானும், "வாயுவாத்தான் இருக்கும்" என்றேன். ஒரு மனிதரின் பித்தப்பை அழுகிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்கள் மரியாதையாக டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை டிவி துடைக்கும் மஞ்சள் துணியோடு வந்தார். துடைக்கவில்லை. திரையை மறைத்து நின்று துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"என்ன இது? தள்ளு, ஆட்டம் போகுது."

"கொடி தூக்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"நாலு நாளா உக்காந்துக்கிட்டே தூங்கறீங்க. சட்டையெல்லாம் வேர்வை. நான் என்ன குருடியா?"

"முடிவு சொல்லியாச்சும்மா. மாத்தறதில்ல."

"ஆட்டம் திரும்ப ஆரம்பிக்காத வரைக்கும் மாத்தலாம். டிவியப் பார்த்துக் கத்தறப்ப நீங்க சொன்ன சட்டம்தான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, அப்படித்தானே சட்டம்?"

"ஆமா மாமா. ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சாத்தான் மாத்த முடியாது."

"ஆரம்பிச்சுதா?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். "நீங்க கேட்டைத் தாண்டியே பல நாளாச்சு மாமா. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் மஞ்சள் துணியை நிமிர்ந்து பார்த்தார். "கையை இறக்கும்மா, வலிக்கப்போகுது. வண்டியக் கூப்பிடுங்க."

சர்ஜன் இதயத்தைச் சோதித்தார், காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார், கேள்விகள் கேட்டு ஞாபகத்தைச் சோதித்தார், "உங்களுக்கு என்ன வேணும் ஐயா?" என்று அவரிடமே கேட்டார். "கேட்டைத் தாண்டி நடக்கணும்" என்றார் மாமனார். ஆபரேஷன் நடந்தது. பித்தப்பை சுற்றிலும் ஒட்டிப்போயிருந்ததால் எதிர்பார்த்ததைவிட நேரமானது. "முதல் தடவையே எடுத்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றார் சர்ஜன். நான் சுவரில் இருந்த கை கழுவும் முறையைப் படங்களோடு படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் பயந்ததும் நடந்தது. மாமனாருக்குப் புத்தி குழம்பியது. எழுப்பி நடக்கவைக்க வந்த பிசியோதெரபிஸ்டைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். அட்டை இல்லை, மாத்திரைப் பட்டைதான். எங்களுக்கு உயிரே இல்லை. அந்த நிலையிலும் எனக்குள் ஒரு மூலையில், 'என் செய்தியில் பாதி சரிதான்' என்று ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப்பார்த்ததை மறைக்க மாட்டேன். என் மனைவி அதை முகத்திலேயே படித்துவிட்டாள்.

"வாயத் திறந்தீங்க, அடுத்த அட்டை உங்களுக்குத்தான்."

அத்தை மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அடுத்த நாள் சாயங்காலம் குழப்பம் தெளிந்தது. நடந்ததைச் சொன்னதும் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டு, தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அறிவித்தார் மாமனார். ஒரே வாரத்தில் இரண்டாவது வாபஸ்.

இப்போது கேட்டைத் தாண்டி மருந்துக்கடை வரை போய்வருகிறார். முன்பு போல வேகம் இல்லை, மாடியும் இல்லை. குரல் மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்க, ரெஃப்ரி கண்டுகொள்ளாமல் ஓடினார்.

"கொடி தூக்கி நிக்கறான், பார்க்காம ஓடறான் பாருங்க மாப்பிள்ளை, இவனெல்லாம் ஒரு ரெஃப்ரி," என்று கத்தினார் மாமனார்.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எந்த ரெஃப்ரிதான் பார்த்தான்?"