இரண்டாவது பொட்டலம்

எங்கள் ஊரில் அதை மலை என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் மேடு என்பார்கள். மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் அதைவிட உயரமாக எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. செம்மண். மேலே பதினாறு வீடுகள், முந்திரித் தோப்பு, ஆடுகள், ஒரு அம்மன் கோயில். அங்கே பெய்யும் மழைதான் கீழே என் கிணற்றில் ஊறுகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் கிணற்றை நம்பித்தான் கரும்பு வைத்திருக்கிறேன்.

போன வருடம் பள்ளத்தில் ஒரு தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். இடத்தை உயர்த்த மண் வேண்டும். ஒப்பந்தக்காரர் வந்து, மலையில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிக்கொள்வதாகவும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தருவதாகவும் சொன்னார். ஊர்க் கூட்டத்தில் எண்ணிப் பார்த்தேன். வேண்டும் என்று தூக்கிய கைகள் மூன்று அதிகம். மேலே குடியிருப்பவர்கள் விடவில்லை. கடைசியில் அம்மனிடம் பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் மண் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கல் கட்டிக் குளத்தில் போட்டுவிடுவது வழக்கம்.

ஒப்பந்தக்காரர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்கு உறுத்தியது. முந்தின நாள் அவருடைய கார் பூசாரி வீட்டு வாசலில் நின்றதை வேறு பார்த்திருந்தேன். இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டால்? மனைவியிடம் சொன்னேன்.

"உன் நெழலு பின்னாடி வந்தாக்கூட, இன்னாத்துக்கு வருதுன்னு கேக்கற ஆளு நீ" என்றாள்.

ஆனாலும் கோயிலில் எழுந்து, இந்தத் தடவை இரண்டு பொட்டலங்களையும் பிரித்தாக வேண்டும் என்றேன். பூசாரியின் முகம் மாறியது. வழக்கமில்லை என்றார். அந்த மறுப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒப்பந்தக்காரர் என் பக்கம் பேசியதுதான் வேடிக்கை.

"பெரியவரே பிரிச்சிப் பாக்கட்டும்பா. யாரையும் நம்பாத ஆளு. அவரு சொன்னா சரியா இருக்கும்."

குழந்தை எடுத்தது சிவப்பு. மேல்வீட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்றது என் கைக்கு வந்தது. நாரை அவிழ்த்து, இலையை ஓரத்தில் மட்டும் விலக்கி உள்ளே பார்த்தேன். உள்ளேயும் சிவப்பு அரளி.

பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நின்ற அந்த வீடும் மலைமேல்தான் இருக்கிறது, வெட்டு ஒருநாள் அங்கேயும் வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா பூ, பெரியவரே?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"வெள்ளை."

கையை நீட்டினார். சாமி பொட்டலம் கைமாறக் கூடாது என்று சொல்லி நாரை இறுக்கிக் கட்டி, கல்லோடு குளத்தில் விட்டேன். அவர் படிக்கட்டு வரை வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, வருகிற ஆடியில் மறுபடியும் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் பூசாரி பிரசாதம் கொண்டுவந்தார். திரும்பச் செருப்பை மாட்டும்போது சொன்னார்:

"ஆடியிலயும் நாந்தான் கட்டுவேன்."

தைரியம் சொன்னாரா, விலை சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.